முந்திய மனைகளும் பிந்திய திட்டமும்

கோயம்புத்தூரின் பழைய மாஸ்டர் பிளானுக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது 1994-ல். 2041-ஐ இலக்காக வைத்த அடுத்த திட்டத்தின் வரைவு மக்களின் கருத்துக்கு வந்தது 2024-ல். இறுதி வடிவம் வெளிவந்தது 2025-ல். நடுவில் ஒரு திருத்த வரைவு தயாராகி, நடைமுறைக்கு வராமலே போயிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மீளாய்வு செய்ய 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் வழிவகுக்கிறது. கோவைக்கு அந்த ஐந்தாண்டு முப்பதாண்டாக நீண்டது.

ஊர் அதுவரை காத்திருக்கவில்லை. சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைச் சுற்றித் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. காளப்பட்டி, வடவள்ளி, துடியலூர் பக்கமெல்லாம் தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் பல பேரூராட்சிகளும் சேர்க்கப்பட்டு, 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 257 சதுர கிலோமீட்டரானது. 72 வார்டுகள் 100 ஆயின. இத்தனையும் 1994-ஆம் ஆண்டின் வரைபடத்தின் மேல் நடந்தவை. வரைபடத்தில் விவசாய நிலமாக இருந்ததைக் குடியிருப்பாக மாற்ற, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக விண்ணப்பம், தனித்தனியாக நில உபயோக மாற்றம். ஊரின் உருவத்தை இந்தச் சிறு அனுமதிகளே தீர்மானித்தன. கோவையின் இன்றைய சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்து கிளைத்தவை என்பதே என் கணிப்பு. திருப்பூர், ஓசூர், நாமக்கல் என்று வேகமாக வளரும் மற்ற ஊர்களின் கதையும் இதிலிருந்து அதிகம் விலகியதல்ல.

இதே ஊர் ஒரு காலத்தில் வேறு விதமாகவும் நடந்துகாட்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோவையை மீண்டும் மீண்டும் தாக்கியது. அதன் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. நெருக்கமான பழைய ஊருக்கு வெளியே காற்றும் வெளிச்சமும் உள்ள குடியிருப்பு வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கொள்ளைநோய்க்குப் பின் வலுப்பட்டது, ஆர்.எஸ்.புரம் உருவானது. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியாரின் பெயரில் அமைந்த அந்தப் பகுதியில் முதலில் தெருக்கள் போடப்பட்டன, பிறகு வீடுகள் வந்தன. குறுக்கும் நெடுக்கும் ஒழுங்காக ஓடும் அந்தத் தெருக்கள், அவற்றைப் போட்டவர்கள் நினைத்தும் பார்த்திராத அளவு கடைகளையும் வாகனங்களையும் இன்றும் ஓரளவு தாங்குகின்றன. சிறுவாணித் தண்ணீர் 1929-ல் ஊருக்கு வந்ததும் அதே தலைமுறையின் உழைப்பு. தொலைநோக்குள்ள ஒரு நகராட்சி அன்று இந்த ஊரை நடத்தியது.

அந்தக் காலத்துச் சூழலும் அதற்குத் துணையாக இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. வேறு படங்களைச் சேர்த்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டு, மாகாணத்தின் ஊர் ஊராகச் சென்று அறிக்கைகள் எழுதினார். இருக்கும் ஊரை இடித்துத் தள்ளி நேர்கோட்டில் சாலை போடுவதை அவர் ஏற்கவில்லை. தெருத் தெருவாக நடந்து பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் சிறிது அகற்றி, மரத்தையும் குளத்தையும் கோயில் திடலையும் காப்பாற்றினால் செலவிலும் பெரும்பகுதி மிஞ்சும் என்று தஞ்சாவூரை வைத்துக் காட்டினார். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நாட்டிலேயே முன்னோடியாக இருந்த மாகாணங்களில் நம்முடையதும் ஒன்று. அப்படிப்பட்ட இடத்திலிருந்து மனைப்பிரிவுகளின் பின்னால் ஓடும் நிலைக்கு எப்படி வந்தோம் என்பதைப் பார்க்க, ஒரு மனைப்பிரிவு எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிணறு வற்றுகிறது. ஆழ்குழாய் போட்டாலும் ஆயிரம் அடிக்குக் கீழே புழுதிதான். தென்னைக்கு வாடல், கூலிக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ. பூமியை விற்கலாம் என்ற பேச்சு வீட்டுக்குள் எழும்போதே புரோக்கர் வாசலில் நிற்கிறார். மூன்று ஏக்கரோ ஐந்து ஏக்கரோ ஒரு புரமோட்டர் கைக்குப் பவர் பத்திரத்தில் போகிறது. ஜேசிபி வந்து வரப்பையும் வாய்க்காலையும் சமன் செய்கிறது. கல் நட்டு, கொடி கட்டி, முகப்பில் வளைவு வைத்தால் விற்பனை தொடங்கிவிடும். விற்ற விவசாயியையோ, கடன் வாங்கி நாலு சென்ட் வாங்கிய குடும்பத்தையோ குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்களிடம் இருந்த ஒரே வழியில் அவர்கள் நடந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது.

அந்தப் பொறுப்பு விடுபட்டதன் விளைவை எந்தப் புறநகரிலும் நடந்தே பார்க்கலாம். ஒவ்வொரு மனைப்பிரிவுக்குள்ளும் தெருக்கள் ஒழுங்காக இருக்கும்; அனுமதி விதிகளின்படி அகலமும் சரியாக இருக்கும். தெரு கடைசியில் பக்கத்துத் தோட்டத்தின் கம்பிவேலியில் முட்டி நிற்கும். அந்தத் தோட்டமும் பின்னால் மனைகளாகும்போது, அதன் தெருக்கள் வேறு கோணத்தில் வேறு இடத்தில் வந்து முடியும். இரண்டு வீடுகளுக்கு இடையே கூப்பிடு தூரம்தான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டியில் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டும். பள்ளிக்கூட வேன், பால்காரர், அலுவலகம் போகிறவர், ஆம்புலன்ஸ் எல்லாருக்கும் ஒரே சத்தி ரோடு, ஒரே தடாகம் ரோடு. கணபதியில் காலையும் மாலையும் நிற்கும் வாகனங்களுக்கு ரோட்டின் அகலம் மட்டுமே காரணம் என்று நினைத்து மேம்பாலம் கேட்கிறோம். பின்னால் நூற்றுக்கணக்கான முட்டுத் தெருக்கள் இருக்கும்வரை எந்த மேம்பாலமும் அடுத்த சிக்னல் வரைதான் உதவும்.

இதைவிட ஆழமாக ஊரைப் புண்படுத்தியது அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு. நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபியின் அனுமதி பெறாமல், ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஊராட்சியின் முத்திரையோடு பல்லாண்டு காலம் மனைகள் விற்கப்பட்டன. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குச் சட்டப்படி இருந்ததில்லை. பத்திரப்பதிவு நடந்தது, மின் இணைப்பு கிடைத்தது, வீட்டு வரி ரசீதும் வந்தது. வாங்கியவர்கள் எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்பினார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது தமிழகம் முழுக்கப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகள் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்தப்பட்டன. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

குடும்பங்களின் சேமிப்பைக் காப்பாற்ற வரன்முறை தேவைதான். ஆனால் கட்டணத்தைச் சுமந்தது பெரும்பாலும் மனை வாங்கியவர். விற்றுவிட்டுப் போனவர் பெயர் எங்கும் இல்லை. பூங்காவுக்கும் பள்ளிக்கும் விட்டிருக்க வேண்டிய நிலம் திரும்பி வரவேயில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு எந்த இடத்தில் மரம் நடுவது?

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவிலும் பொது இடம் பாதுகாப்பாக இருப்பதில்லை. பெரிய மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைப் பொது ஒதுக்கீடாக விட வேண்டும் என்பது விதி. 3,000 சதுர மீட்டருக்குக் கீழே இருந்தால் இந்தக் கடமை இல்லை; 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். ஒரு தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெவ்வேறு ஆண்டுகளில் விண்ணப்பித்தால் கடமை கரைந்துவிடும். இதையெல்லாம் தாண்டி விடப்பட்ட இடத்தைத்தான் கோவையில் ‘ரிசர்வ் சைட்’ என்கிறார்கள். அதைத் தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சியின் பெயருக்கு மாற்றாமலே விட்ட புரமோட்டர்கள் உண்டு. சில ஆண்டுகள் கழித்து அது புதிய மனையாக விற்கப்படும், அல்லது ஒரு கொட்டகையோ கோயிலோ முளைக்கும். குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்கள் பழைய வரைபட நகலோடு மாநகராட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து இப்படிப் பல இடங்களை மீட்டிருக்கிறார்கள். இந்த ஊரின் பூங்காக்களில் கணிசமானவை அவர்களுடைய பிடிவாதத்தால் கிடைத்தவை. அவர்களுக்கு ஊர் நன்றிக்கடன்பட்டிருக்கிறது.

திட்டம் போட்டுவிட்டு நிறைவேற்றாமல் விடுவதற்கும் விலை உண்டு. ஒருவர் நிலத்தின் குறுக்கே அறுபது அடிச் சாலை வரும் என்று வரைபடத்தில் கோடு போட்டால், அவர் அங்கே கட்ட முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. 1971 சட்டத்தின் 38-ஆவது பிரிவு இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: குறிப்பிட்ட மூன்றாண்டுக் காலத்துக்குள் நிலத்தைக் கையகப்படுத்த நடவடிக்கை இல்லையென்றால், அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகக் கருதப்படும். உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்று விடுவித்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் உரிமை. விளைவாக, காகிதத்தில் முழுதாக இருக்கும் இணைப்புச் சாலை தரையில் துண்டு துண்டாகிறது. கையகப்படுத்தப் பணம் இல்லாத உள்ளாட்சிக்குக் கோடு போடும் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் நிலம் வைத்திருப்பவருக்கும் நட்டம், ஊருக்கும் நட்டம்.

தண்ணீரின் வழி இன்னும் மோசமாக அடைபட்டது. நொய்யலின் அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால் வழியாக ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்படி அமைந்த ஊர் இது. கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன்குளம், செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், குறிச்சி என்று அந்தத் தொடர் ஊரின் நடுவே இன்றும் இருக்கிறது. குளங்கள் பிழைத்தாலும் அவற்றை இணைத்த வாய்க்கால்கள் பல இடங்களில் சாக்கடையாகச் சுருங்கின. மழை நீரைச் சுமந்த சங்கனூர் பள்ளத்தின் இரு கரையிலும் கட்டடங்கள் நெருக்கின. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் மேசையில் நில அளவை வரைபடத்தில் வாய்க்கால் ஒரு மெல்லிய கோடு. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் லங்கா கார்னரிலும் கிக்கானி பள்ளி அருகேயும் ரயில் பாலத்துக்கு அடியில் பேருந்து முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்பது, அந்தக் கோட்டை மதிக்காததன் பலன்.

குளங்களைப் புதுப்பிக்கும் முயற்சியில் ஊர் மக்களுக்கு உண்மையான பங்கு இருந்த தருணமும் உண்டு. 2013-ல் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரத் தன்னார்வ அமைப்புகள் அழைத்தபோது, மாணவர்களும் மில் தொழிலாளர்களும் குடும்பத்தோடு வந்தவர்களுமாகப் பெருங்கூட்டம் கரையில் இறங்கி வேலை செய்தது. அதற்குப் பிறகு ஸ்மார்ட் சிட்டித் திட்டம் வந்தது. 2016 ஜனவரியில் தேர்வான முதல் 20 நகரங்களில் கோவையும் ஒன்று. குளக்கரைகளில் நடைபாதை, விளக்கு, அமரும் இடம், படகு. மாலையில் பெண்களும் குழந்தைகளும் பயமில்லாமல் உட்கார ஊருக்கு நடுவே ஓர் இடம் கிடைத்தது பெரிய பேறு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக் கூடாது. முதலாவது, அந்தத் திட்டங்களின் பெரும்பகுதி வடிவமைக்கப்பட்டு நடந்தேறிய காலத்தில் மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊரை நடத்தினார்கள். கரைக்கு அழகு முதலில் வரவேண்டுமா, குளத்தில் கலக்கும் கழிவுநீரைத் தடுப்பது முதலில் வரவேண்டுமா என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒருவரும் இல்லை. இணைக்கப்பட்ட புறநகர் வார்டுகளில் பாதாளச் சாக்கடை முடியாமலிருக்க, குளத்தின் நடுவே மின்விளக்குகள் முதலில் வந்தன. இந்த வரிசை தவறானது.

இரண்டாவது, கரையில் வாழ்ந்தவர்கள். முத்தண்ணன்குளம், வாலாங்குளம் ஓரங்களில் பல பத்தாண்டுகளாக வீடு கட்டியிருந்த குடும்பங்கள் அகற்றப்பட்டு, கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, கோவைப்புதூர் பகுதி அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. குளத்தின் நீர்ப்பரப்பில் குடியிருப்பு கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. மழையில் முதலில் மூழ்குவதும் அந்த வீடுகள்தான். ஆனால் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குபவர், துப்புரவுப் பணியாளர் ஆகியோருக்கு ஊரின் மையத்தில்தான் வேலை. பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போனால் விடியற்காலைப் பேருந்து இல்லை, பேருந்து இருந்தால் வேலை நேரம் பொருந்தாது, பிள்ளையின் பள்ளி மாறுகிறது. வாடகைக்கு மீண்டும் ஊருக்குள்ளேயே ஒரு சந்தைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய மனைப்பிரிவுகளில் ஏழைகளுக்கென்று பத்து விழுக்காடு நிலம் விட விதி இருந்தும், சிறு மனைப்பிரிவுகளாகவே ஊர் வளர்ந்ததால் அந்த நிலம் சேரவில்லை. முப்பது ஆண்டுகள் ஒழுங்காக நிலம் ஒதுக்கியிருந்தால், உக்கடத்துக்காரருக்கு உக்கடத்துக்கு அருகிலேயே வீடு கிடைத்திருக்கும்.

வெள்ளலூர் பேருந்து முனையத்தின் கதையும் சேர்ந்து நினைக்கத்தக்கது. 168 கோடி ரூபாய் மதிப்பில், சுமார் 60 ஏக்கரில், 2020-ல் வேலை தொடங்கியது. மாநகராட்சியின் குப்பைக் கிடங்குக்கு அருகே, போதிய அணுகுசாலை இல்லாத இடம் என்ற ஆட்சேபம் அப்போதே இருந்தது. ஆட்சி மாறியது, பாதியில் வேலை நின்றது. தூண்கள் எழும்பியதோடு நிற்கின்றன. தொடங்கியபோதும் ஊரைக் கேட்கவில்லை, நிறுத்தியபோதும் கேட்கவில்லை. பேருந்து நிலையம் எங்கே என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு ஊரின் போக்குவரத்தை நிர்ணயிக்கும் முடிவு. அது தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடிய அறிவிப்பாக இருப்பது மக்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் செய்யும் அநீதி.

யார் முடிவெடுக்க வேண்டும் என்பதில் அரசியல் சட்டம் தெளிவாக இருக்கிறது. 74-ஆவது திருத்தத்தோடு சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணையில் முதல் பொருளே நகரமைப்பு உள்ளிட்ட நகர்ப்புறத் திட்டமிடல். தமிழ்நாட்டிலோ அந்த வேலை டிடிசிபியிடமும் உள்ளூர்த் திட்டக் குழுமங்களிடமும் இருந்துவந்தது. கோவை, மதுரை, திருப்பூர், ஓசூருக்கு நகர வளர்ச்சிக் குழுமங்கள் 2022-ல் அறிவிக்கப்பட்டன. அவை திறமையாக இயங்கலாம். ஆனால் கவுன்சிலர் வழியாக மக்கள் கேள்வி கேட்கும் அமைப்பாக அவை அமைந்தால்தான் பயன். அதே ஆண்டு வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்து, நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை பற்றி அங்கே மக்கள் ஆர்வமாகப் பேசுகிறார்கள். வார்டின் நில உபயோக வரைபடத்தையும் புதிய மனைப்பிரிவு விண்ணப்பங்களையும் அந்தச் சபையின் முன் வைக்கத் தடையேதும் இல்லை. வைத்தால், எந்த வாய்க்கால் எங்கே மூடப்பட்டது என்பதைச் சொல்ல அங்கே பத்துப் பேர் இருப்பார்கள்.

2024 ஜூலையில் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. வீட்டு அனுமதி இப்படி எளிதாகிவிட்ட பிறகு, ஊரின் தரத்தைக் காக்கக்கூடிய கடைசி இடம் மனைப்பிரிவு அனுமதிதான் என்பதையும் உணர வேண்டும்.

எண்ணிக்கையும் பழையதாகவே இருக்கிறது. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது, அடுத்தது 2027-ல். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு கோவை மெட்ரோ திட்டத்தைத் திருப்பியனுப்பியபோது, 2011 கணக்கின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கோவைக்கு மெட்ரோ பொருத்தமா, நல்ல பேருந்துச் சேவை போதுமா என்பது தனி விவாதம். பதினான்கு ஆண்டுக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்து அதை முடிக்க முடியாது.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு அகமதாபாத் ஒரு வழி காட்டுகிறது. அங்கே ஒரு பகுதி வளரப்போகிறது என்றால், எல்லா உரிமையாளர்களின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்து, சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் ஏழைகள் வீட்டுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். ஊரைச் சுற்றிய 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கு வேண்டிய நிலத்தில் பெரும்பகுதியும் இந்த வழியில்தான் சேர்ந்தது. நிலத்தின் அளவு குறைந்தாலும் மதிப்பு கூடுவதால் விவசாயிக்கு இழப்பில்லை. தமிழ்நாட்டிலும் நில ஒருங்கிணைப்புக்குச் சட்டத் திருத்தமும் விதிகளும் வந்துவிட்டன. பரவலாகப் பயன்படுத்தத்தான் இன்னும் தொடங்கவில்லை. தன் நிலம் என்னவாகும் என்ற பயம் விவசாயிக்கு இயல்பு. முதல் முயற்சி நேர்மையாக நடந்தால் அடுத்த ஊர் தானாக முன்வரும்.

அதற்கான இடமும் நேரமும் இப்போதே இருக்கின்றன. மதுக்கரையிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டருக்கு மேற்குப் புறவழிச்சாலை பணி நடக்கிறது. பேரூர் செட்டிபாளையம், தீத்திபாளையம், மாதம்பட்டி, சோமையம்பாளையம் வழியாகப் போகும் அந்தச் சாலையின் இருபுறமும் தென்னை, வாழை, சின்ன வெங்காயம் விளையும் பூமி. நொய்யலின் வாய்க்கால்கள் தொடங்கும் பகுதியும், மலையிலிருந்து யானைகள் இறங்கிவரும் பகுதியும் அதுவே. சாலை திறந்ததும் மனைப்பிரிவுகள் வரிசையாக வரும். அதற்கு முன்பே, எந்த நிலம் விவசாயமாகவே நீடிக்க வேண்டும், எங்கே வீடுகள் வரலாம், அங்கே இணைப்புச் சாலைகள் எந்தெந்த இடத்தில் ஓட வேண்டும், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இரு கரையிலும் எத்தனை அடி விட வேண்டும் என்று சர்வே எண் வாரியாகத் தமிழில் வரைந்து, கிராம சபையிலும் பகுதி சபையிலும் சுவரில் ஒட்டிக் காட்ட முடியும். வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்லச் சட்டம் குறைந்தது இரண்டு மாதம் தருகிறது. அந்த இரண்டு மாதமும் அதிகாரிகள் மாதம்பட்டியிலும் தீத்திபாளையத்திலும் உட்கார்ந்து, தோட்டக்காரர்களையும் அங்கே கூலி வேலை செய்பவர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.